தங்கத் தகடு, டேப், ஹார்ட் டிஸ்க்: அருங்காட்சியகப் படங்களை எதில் வைப்பது? – கேள்வி பதில்

படத்தைப் பிடிப்பது பற்றி அல்ல, பிடித்த படத்தை வைத்துக் காப்பது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். வந்த வரிசையிலேயே தருகிறேன்.

கேள்வி (ஒரு காப்பாட்சியர்): சார், எங்கள் அலமாரியில் 1995, 96ல் செய்த கோடாக் ஃபோட்டோ சிடிக்கள் (படச்சுருளை வருடி எண்ணாக்கி எழுதிய வட்டுகள்) அறுபதுக்கு மேல் உள்ளன. எல்லாம் செப்புத் திருமேனிகளின் படங்கள். சில திறக்கின்றன, சில திறக்கவில்லை. திறந்தாலும் ஃபோட்டோஷாப் கோப்பை ஏற்க மறுக்கிறது.

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். வட்டு ஒன்று, கோப்பு வடிவம் இன்னொன்று. முதலில் வட்டு.

சிடியைப் போட்டு ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். முழு வட்டையும் ஒரே கோப்பாக நகலெடுத்த பிறகுதான் மற்ற வேலை. மடிக்கணினியின் மெல்லிய டிரைவ் வேண்டாம். மேசைக் கணினிக்கான பழைய டிரைவ், வேறுவேறு நிறுவனத்தது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று படிக்காத வட்டை மற்றொன்று படிப்பது அடிக்கடி நடக்கும். மென்பொருள் லினக்ஸின் டிடிரெஸ்க்யூ (ddrescue), கெட்ட வட்டிலிருந்து தரவை மீட்பது. தொகுதி அளவு 2048 பைட். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள், நல்ல பகுதி எல்லாம் விரைவில் கைக்கு வந்துவிடும். இரண்டாம் சுற்றில் எந்த இடம் படித்தாயிற்று என்று முதல் சுற்றில் அது குறித்து வைத்த வரைபடக் கோப்பைக் கொடுத்து, வட்டை மற்ற டிரைவில் போட்டு, விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கும் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். தூசி இருந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல.

இன்னொரு பொறி: ஃபோட்டோ சிடியில் பல முறை படம் சேர்க்கலாம். சில நகல் மென்பொருள்கள் முதல் அமர்வை மட்டும் எடுத்துவிட்டு "முடிந்தது" என்று சொல்லும். வட்டில் 580 எம்பி இருந்து உங்கள் நகல் 90 எம்பி என்றால் மீதி வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

இனி வடிவம். ஃபோட்டோ சிடியின் படக் கோப்பான பிசிடி ஒவ்வொன்றிலும் ஒரே படம் ஐந்து அளவுகளில் இருக்கிறது: 192×128இல் தொடங்கி 3072×2048 வரை. தொழில்முறை வட்டானால் 6144×4096உம் உண்டு. படங்களை வடிவம் மாற்றும் மென்பொருளான இமேஜ்மேஜிக் இதைப் படிக்கும், ஆனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 768×512ஐத்தான் எடுத்துத் தரும். அதை டிஃப் (TIFF, தரம் குறையாமல் வைக்கும் பட வடிவம்) ஆக்கி வைத்துவிட்டு மூல வட்டைக் குப்பையில் போட்டால் பதினாறில் ஒரு பங்குப் படம்தான் மிஞ்சும். இரண்டாவது, ஃபோட்டோ சிடியின் நிறக் குறியீடு வெள்ளைக்கு மேலும் ஒளியைப் பதிந்து வைக்கும். சாதாரண மாற்றி அதை வெட்டிவிடும். செப்புச் சிலையின் தோளிலும் நெற்றியிலும் வரும் மினுக்கம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஆகவே 16 பிட் டிஃபாக மாற்றுங்கள், மூலப் பிசிடியையும் கூடவே வையுங்கள். மூல வட்டு அறுபது சேர்ந்தாலும் 40 ஜிபி தாண்டாது. எதையும் கழிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு காரியம்: அந்தச் சிடிக்கு மூலமான ஸ்லைடோ நெகட்டிவோ எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை மறுபடி வருடுவதே மேல்.

நகல் எடுத்ததும் அதை வேறொரு கணினியில் திரும்பப் படித்துப் பாருங்கள். படிக்காத நகல் நகலே இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): வணக்கம் ஐயா. இறுவட்டு எத்தனை வருடம் தாங்கும்? ஒருவர் ஐந்து என்கிறார், பெட்டியில் நூறு என்று போட்டிருக்கிறது.

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வேறுவேறு வட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். எழுதும் சிடியில் கெடக்கூடியவை மூன்று. ஒன்று சாய அடுக்கு: சயனைன் வெளிச்சத்துக்கு எளிதில் வெளுக்கும், தாலோசயனைன் உறுதியானது. இரண்டு உலோக அடுக்கு: வெள்ளி கந்தகக் காற்றிலும் ஈரத்திலும் கறுக்கும், தங்கம் கறுக்காது. மூன்று, உலோகத்துக்கு மேலே இருக்கும் மெல்லிய அரக்குப் பூச்சு. பலர் கீழ்ப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். சிடியில் தரவு இருப்பது எழுத்துப் பக்கத்துக்கு ஒட்டிய இடத்தில். மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் தரவின் மேலேயே எழுதுகிறீர்கள். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே தரவு இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

காகித ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. ஒட்டியிருந்தால் உரிக்கவும் கூடாது, பூச்சோடு வரும். அப்படியே நகலெடுங்கள். பிவிசி உறை வேண்டாம். எழுத வேண்டுமானால் நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில், தண்ணீர் மை பேனாவால்.

2003ல் அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி வட்டுகளுக்கு 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் என்கிறது. கடலோர ஊரில் ஏசி பகலில் ஓடி இரவில் நின்றால் இந்த இரண்டுமே கிடைக்காது, ஏறி இறங்கும் ஈரம்தான் கிடைக்கும். அதைவிடக் காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் மேல். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் உலர்த்த வேண்டும். அது யார் வேலை என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: நல்ல பென் டிரைவ் ஒன்று சொல்லுங்கள், காப்பகத்துக்கு.

பதில்: காப்பகத்துக்கு நல்ல பென் டிரைவ் கிடையாது.

கேள்வி: 40,000 பொருள்கள், பொருளுக்கு மூன்று படம். டேப் வாங்கலாமா?

பதில்: கணக்கைப் போடுவோம். 24 மெகாபிக்சல், 16 பிட், மூன்று நிறம்: படத்துக்கு 144 எம்பி. 1,20,000 படத்துக்கு 17 டெராபைட்டுக்குச் சற்று மேல். காப்பகங்கள் பயன்படுத்தும் காந்த டேப் வகை எல்டிஓ. அதன் ஒன்பதாம் தலைமுறையான ஒரு எல்டிஓ-9 டேப்பின் கொள்ளளவு 18 டெராபைட். ஒரே டேப்பில் அடைக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள், அந்த இரண்டுக்கும் இரண்டு நகல். ஆக நான்கு டேப்.

டேப் மலிவு, டிரைவ்தான் சில லட்சம். கவனிக்க வேண்டியதும் டிரைவைத்தான். எல்டிஓ-7 டிரைவ் 5, 6, 7 மூன்றையும் படிக்கும். 8 வந்ததும் முந்தைய ஒரு தலைமுறையை மட்டும் படித்தது, 9உம் அப்படியே. 2025ல் வந்த எல்டிஓ-10 தன் டேப்பைத் தவிர எதையும் படிக்காது. டேப் 30 ஆண்டு தாங்கும் என்கிற விளம்பரத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள். இன்று எல்டிஓ-9 வாங்கினால், அதற்கான டிரைவ் பழுதுபார்க்கக் கிடைக்கும் காலத்துக்குள் அடுத்ததற்கு மாற்றும் செலவையும் இன்றே வரவுசெலவில் போட வேண்டும்.

நடைமுறையில் கெடுவது: சின்னச் சின்னக் கோப்புகளை நெட்வொர்க் வழியாக நேரே டேப்புக்கு அனுப்புவது. டேப்புக்குத் தரவு ஓட்டம் தடைபடக் கூடாது. தடைபட்டால் நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வரும், டேப்பும் தலையும் தேயும். முதலில் கணினிக்குள் உள்ள எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சில்லில் சேமிக்கும் டிஸ்க்) சேர்த்து, அங்கிருந்து ஒரே ஓட்டமாக எழுதுங்கள். புது எல்டிஓ-9 டேப்பை முதன்முதலாகப் போடும்போது தன்னை அளந்துகொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுக்கலாம். "மாட்டிக்கொண்டது" என்று நினைத்து மின்சாரத்தை அணைக்காதீர்கள். எழுதும் வடிவம் எல்டிஎஃப்எஸ் (டேப்பை டிஸ்க் போலக் கோப்புகளாகக் காட்டும் திறந்த வடிவம்) ஆக இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளுக்கு மட்டும் புரியும் வடிவம் வேண்டாம்.

எழுதியதும் திரும்பப் படியுங்கள்.

கேள்வி (ஆயிரமாண்டு வட்டு அபிமானி): இவ்வளவு தொல்லை எதற்கு? எம்-டிஸ்க் (சாயத்துக்குப் பதில் கனிம அடுக்கில் எழுதும் வட்டு) வாங்கி எழுதினால் 1000 ஆண்டு. டிரைவும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது.

பதில்: அந்த 1000 எப்படி வந்தது என்று பார்ப்போம். வட்டைக் கடும் வெப்பத்திலும் ஈரத்திலும் பல நூறு மணி நேரம் வேகவைத்து, பிழை எவ்வளவு கூடுகிறது என்று அளந்து, அந்தக் கோட்டை 25 டிகிரி அறை வெப்பம் வரை நீட்டுவார்கள். எல்லா வெப்பத்திலும் ஒரே காரணத்தால்தான் வட்டு கெடும் என்பது இதன் அடிப்படை அனுமானம். ஒட்டுப் பசை பிரிவதும் விளிம்பில் ஈரம் ஏறுவதும் அந்தக் கோட்டில் உட்காராது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் சோதனையில் எம்-டிஸ்க் நன்றாகத் தேறியது, மறுக்கவில்லை. பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வகம் 90 டிகிரி, 85 விழுக்காடு ஈரத்தில் வைத்துப் பார்த்தபோது அது சாதாரண வட்டுகளைப் போலவே தரம் இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் "நல்ல வட்டு" என்று சொல்லலாம், "ஆயிரம்" என்று சொல்ல முடியாது. எம்-டிஸ்க்கைச் செய்த மில்லெனியாட்டா நிறுவனம் 2016லேயே திவாலாகிவிட்டது.

கேள்வி (அதே அபிமானி): நிறுவனம் போனால் என்ன, வட்டு இருக்கிறதே? சாயமே இல்லாத கனிம அடுக்கு. டேப்பை விட இதுதான் உறுதி.

பதில்: வட்டு இருக்கும், படிப்பது எதில்? 1986ல் பிபிசி தன் டோம்ஸ்டே திட்டத்தில் பிரிட்டன் முழுக்கப் படங்களும் குறிப்புகளும் திரட்டி லேசர் வட்டுகளில் பதித்தது. பதினைந்தே ஆண்டில் வட்டு நன்றாக இருந்தும் அதைப் படிக்கும் கருவி அரிதாகிப் போனது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் எழுதி 2002ல் மீட்டார்கள். சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூரே வட்டு தயாரிப்பை நிறுத்திவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லையா?

சிறிய தொகுப்பு, 500 ஜிபிக்குள், டேப் டிரைவுக்குப் பணம் இல்லை என்றால் எம்-டிஸ்க்கை இரண்டாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூரே வாங்கினால் கனிம அடுக்கு உள்ள எச்டிஎல் (HTL) வகை. எல்டிஎச் (LTH) என்று போட்டிருந்தால் அதில் இருப்பது பழைய கரிமச் சாயம்தான், வேண்டாம்.

கேள்வி (இடையில் புகுந்த ஒருவர்): இருவரும் விட்டுவிட்டீர்கள். வெள்ளி உப்புப் படச்சுருள்தான் நிற்கும். லென்சும் வெளிச்சமும் போதும், டிரைவே வேண்டாம்.

பதில்: பாதி சரி. கறுப்பு வெள்ளை ஆவணத்துக்கு நல்ல வழி, ரோஜா முத்தையா நூலகம் போன்றவை மைக்ரோஃபிலிமை நம்பியது வீண் அல்ல. ஆனால் வண்ணப் படத்தை அதில் வைக்க மூன்று நிறத்தையும் தனித்தனிச் சட்டமாகப் பிரிக்க வேண்டும், அல்லது தரவைப் புள்ளிகளாக அச்சிட வேண்டும். அச்சிட்டால் லென்ஸ் மட்டும் போதாது, அதைத் திரும்ப எண்ணாக்க மென்பொருள் வேண்டும். உங்கள் வாதத்தின் உயிரே அங்கே போய்விடுகிறது.

கேள்வி (அபிமானி): அப்படியானால் எதுவுமே நிலைக்காதா?

பதில்: நிலைக்கிற ஊடகத்தைத் தேடாதீர்கள். மாற்றி மாற்றி வைக்கும் ஒழுங்கைத் தேடுங்கள். இந்த வழக்கு இத்துடன் முடிந்தது.

கேள்வி: எஸ்எஸ்டியில் எழுதி லாக்கரில் பூட்டினால்?

பதில்: தொழில்துறைத் தரம் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்குக் கேட்பது இவ்வளவுதான்: எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல், 30 டிகிரியில் ஓராண்டு. புதிய எஸ்எஸ்டி அதைவிட வெகுகாலம் தாங்கும், ஆனால் மின்னேற்றம் கசியும் பொருளைப் பூட்டி வைத்து மறப்பது சேமிப்பு ஆகாது.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவ் பத்து வாங்கி, ஒன்றில் ஒரு பிரிவு...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ரெய்டு பெட்டி (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்துவது) இருக்கிறது. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் என்றார்கள். பேக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டும். டிஸ்க் போனால் ரெய்டு தாங்கும். தவறாக அழித்தால், பெட்டி திருடுபோனால், தீப்பிடித்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் தாங்காது. 2023 அக்டோபரில் ரான்சம்வேரால் பிரிட்டிஷ் லைப்ரரி பட்ட பாடு உலகறிந்தது. ஒரு நகலாவது கம்பி பிடுங்கிய நிலையில், வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிக்கும் ஸ்மார்ட் (SMART) அளவில், கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களையும் மாதாமாதம் பாருங்கள். 197 பூச்சியத்திலிருந்து ஏறினால் அந்த டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: எல்லாப் படத்துக்கும் ஷா-256 எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து வைத்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 3,000 படம் பொருந்தவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: அந்த 3,000 படங்களின் திருத்திய தேதியைப் பாருங்கள். ஒரே நாளாக இருந்தால் டிஸ்க் கெடவில்லை, யாரோ டிஃபுக்குள் பதிவேட்டு எண்ணையோ காப்புரிமை வரியையோ சேர்த்திருக்கிறார். ஓர் எழுத்து மாறினாலும் முழுக் கோப்பின் எண்ணும் மாறும். வரிசை இதுதான்: கேமரா அட்டையிலிருந்து இறக்கியதும் ஒரு எண். திருத்தம், பெயரிடல், விவரச் சேர்ப்பு எல்லாம் முடிந்ததும் கோப்பை எழுத முடியாதபடி பூட்டி இறுதி எண். அதற்குப் பிறகு வரும் விவரம் தரவுத்தளத்துக்கோ, படத்தோடு தனியே வைக்கும் பக்கக் கோப்புக்கோ போகட்டும்.

தேதி மாறாமல் எண் மட்டும் மாறியிருந்தால்தான் கவலை. அழுத்தாத டிஃபில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், கண்ணுக்கே தெரியாது. தலைப்பகுதியில் புரண்டால் கோப்பே திறக்காது. ஜேபெக்கில் புரண்ட இடத்திலிருந்து கீழே நிறம் இழுத்துக்கொண்டு போகலாம். எதுவானாலும் எண் பொருந்தும் நகலிலிருந்து மாற்றுங்கள். இருக்கும் இரண்டு நகலும் வேறுபட்டு, எண்ணும் இல்லாவிட்டால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எண்.

கேள்வி: கிளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: மூன்றாவது நகலாக, ஆம். ஒரே நகலாக, கூடாது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, ஊழியர்களின் 858 டெராபைட் சேமிப்புக்கு வெளி நகல் இல்லை. போயே போயிற்று. அடிக்கடி எடுக்காத தரவுக்கான மலிவான குளிர் சேமிப்பில் போட்டால் கேட்ட படம் கைக்கு வர அரை நாள் ஆகலாம், வெளியே எடுக்கவும் கட்டணம் உண்டு. முழுவதையும் ஒருமுறை இறக்கினால் என்ன ஆகும் என்று போடுமுன் கணக்குப் பாருங்கள். போட்டபின் நூறு படமாவது இறக்கி எண்ணைச் சரிபாருங்கள். திரும்பப் படிக்காத நகல்... சொல்லிவிட்டேன்.

கேள்வி: கண்ணாடி நெகட்டிவ்களில் பூஞ்சை. என்ன போட்டுத் துடைக்க?

பதில்: எதுவும் போடாதீர்கள். என் துறை இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: அப்போ 128 ஜிபி பென் டிரைவ்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: எண்ணாக்க வேலையை வெளியே கொடுக்கிறோம். டெண்டரில் என்ன எழுத வேண்டும்?

பதில்: "படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒப்படைக்கப்படும்" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்குப் பதில்: மூலப் படம் அழுத்தாத டிஃப், பார்வைக்கு ஜேபெக். கோப்புப் பெயரில் பதிவேட்டு எண் மட்டும், இடைவெளியும் சாய்கோடும் கூடாது. ஒவ்வொரு தொகுதியும் பேகிட் முறையில் (கோப்புகளையும் சரிபார்ப்புப் பட்டியலையும் ஒரே அடைவில் வைக்கும் முறை) கட்டி, ஷா-256 பட்டியலுடன். இரண்டு நகல், இரண்டு வேறு வகை ஊடகத்தில், இரண்டுமே ஹார்ட் டிஸ்க்காக இருக்க நேர்ந்தால் இரண்டு வேறு நிறுவனத்தது. ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை டிஸ்க்குகள் சேர்ந்தே சாகும். பட்டியலை ஒப்பந்தக்காரர் டிஸ்க்கில் மட்டும் வைக்காமல் தனியே மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். உங்கள் கணினியில், உங்கள் ஆள், எல்லாக் கோப்பையும் பட்டியலோடு ஒப்பிட்டு முடிக்க 30 நாள். ஒப்பந்தக்காரர் தம் பிரதியை அதுவரை அழிக்கக் கூடாது. கடைசித் தவணை அதற்குப் பிறகு.