சுபாவம்தான் காரணமா?

அன்புள்ள சார்,

என் தங்கை அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். பள்ளியிலிருந்தே முதல் மூன்று ரேங்கை விட்டு இறங்காதவள். இப்போது ட்யூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்த பிறகும், எழுதிய மருந்தின் அளவு சரிதானா என்று வார்டுக்கு போன் போட்டுக் கேட்கிறாள். அழுகிறாள். 'உன் சுபாவத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று யூனிட்டில் சொல்லிவிட்டார்களாம். நிஜமாகவே சுபாவம்தான் காரணமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஸ்ரீஜன் சென் குழுவினர் 740 பயிற்சி மருத்துவர்களை, வேலையில் சேரும் முன்பிருந்தே கவனித்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எளிதில் பதறி, கவலையை உள்ளுக்குள் சுமப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்று அதில் தெரிந்தது. யூனிட்டில் இந்தப் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள் போல.

அதே ஆய்வில், சேரும் முன் மனச்சோர்வு இருந்தவர்கள் 3.9 சதவீதம். பயிற்சிக் காலத்தில் சராசரியாக 25.7 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள்தான். ஒரே வருடத்தில் இத்தனை பேருக்கா சுபாவம் கெட்டுப்போகும்? வேலை நேரம் கூடியவர்களிடமும், சிகிச்சையில் தவறு நேர்ந்ததாகச் சொன்னவர்களிடமும் சோர்வு கூடியிருந்தது.

மருந்தளவை மறுபடி பார்க்கும் அந்தக் குணம்தான் உங்கள் தங்கையை மெடிக்கல் சீட் வரை கொண்டுவந்திருக்கும். நோயாளிக்கும் அது நல்லது, தூங்கி எழுந்தவர் செய்தால். விடிய விடிய ரத்தம் எடுத்து, டியூப்களோடு லேபுக்கு ஓடி, கேஸ் ஷீட் எழுதி, காலை ரவுண்ட்ஸில் திட்டும் வாங்கியவருக்கு அதே குணம் தன் மேலேயே பாயும்.

அமெரிக்காவில் 2003-இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். (அதுவே என்ன கணக்கோ!) நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல், பி.ஜி. மருத்துவர்களுக்கு 74 மணி நேரம் போதும் என்று பரிந்துரைத்தது. அது வார்டு வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று உங்கள் தங்கையிடமே கேளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? தொழிலை விடுவதா என்ற யோசனையை இந்த நிலையில் எடுக்க வேண்டாம். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். சொந்தக் கல்லூரியிலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தால் வெளியில் பார்க்கலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.