பழவேற்காட்டில் பார்த்த சாம்பல் நிறப் பூநாரைகள்

பழவேற்காடு ஏரியில் எடுத்த படத்தை அனுப்பி, பூநாரைக் கூட்டத்தில் சில மட்டும் ஏன் சாம்பல் நிறம், நோயா, வேறு இனமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் வாய்ப்பு குறைவு. வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே அழுக்குச் சாம்பல் நிறத்தில் நின்றதாக நீங்கள் சொல்லும் நாலைந்தும் அநேகமாக இளம் பூநாரைகள்தான்.

வளர்ந்த பூநாரையின் இளஞ்சிவப்பு பிறவியில் வருவதில்லை. உப்பு நீரில் உள்ள பாசியிலும் பொடி இறாலிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமி, தின்னத் தின்ன இறகில் ஏறுகிறது. முழு நிறம் வர இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். நம் நாட்டில் இவை பெரிய அளவில் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். களிமண்ணைக் குவித்து மேடாக்கி, உச்சிக் குழியில் பெரும்பாலும் ஒரே முட்டை.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளர்ந்த பறவைக்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. கண் வெளிர் மஞ்சள். இளசுக்கு அலகும் காலும் சாம்பல், கண்ணும் கருமை. அலகு நடுவில் வளையாமல் ஈட்டிபோல் நேராக இருந்தால் அது சாம்பல் நாரை, பேச்சே வேறு.

ஒன்று மட்டும்: சிறு பூநாரை என்று உயரம் குறைந்த இன்னொரு இனம் உண்டு; அதன் இளசும் இப்படித்தான் மங்கலாக இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பதோடு உயரத்தை ஒப்பிடுங்கள். கூட்டம் எழும்பியும் அது எழாமல் துவண்டு கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.