மூத்தோர் குடியிருப்பில் கேரம் குழு: ஆள் ஏன் குறைகிறது?

உங்கள் கோவைக் குடியிருப்பில் தொடங்கிய கேரம் குழு இரண்டே மாதத்தில் நாலு பேராகச் சுருங்கியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும், அதே நாலு பேர் எழுந்திருக்காமல் ஆடுவதுதான் காரணம். 25 புள்ளி வரை இழுக்காமல் ஒரே போர்டில், அதாவது ஒரு ஜோடி தன் காய்களையெல்லாம் போட்டு முடிக்கும் ஒரே சுற்றில், ஆட்டத்தை முடியுங்கள். தோற்ற ஜோடி எழுந்து இடம் விடட்டும். ஜோடியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டால் புதியவர் ஒதுங்க மாட்டார்.

பலகையைத் தரையில் வைக்காதீர்கள். 65 முதல் 70 செ.மீ. உயர ஸ்டாண்டும், பிடித்து எழக் கைப்பிடி உள்ள நாற்காலியும் வேண்டும். விளக்கு பலகைக்கு நேர் மேலே தொங்கட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில், கண்புரை உள்ளவருக்குக் கறுப்புக் காய் நிழலோடு கலந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், காய் வழுக்கி ஓடப் பலகையில் தூவும் போரிக் பவுடர்தான். ஒரு சிட்டிகை போதும். டைல்ஸில் சிந்தியது காலில் பட்டால் வழுக்கும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் தேறவே மாதக்கணக்கில் ஆகும். ஆடியவர்கள் எழுவதற்கு முன்பே தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.