மாசாமாசம் ஒரு கெய்லி – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

உங்க ஃபைஃப் ஊர் ஹால்ல நடக்கற கெய்லி, அதான் ஸ்காட்லாந்துல ஊரே ஒண்ணா சேர்ந்து ஆடற ஆட்ட ராத்திரி, அதைப் பத்தி நீங்க முன்ன எழுதினதைப் படிச்சிருக்கேன். நாங்க ஸ்காட்லாந்து வடகிழக்குல ஹன்ட்லி பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல ரெண்டு வருஷமா இருக்கோம். நான் கேர் ஹோம்ல நர்ஸ், பையனுக்கு 9 வயசு. இங்க ஹால்ல மாசாமாசம் கெய்லி நடக்குமாம், கோவிட்ல நின்னது நின்னதுதான். கமிட்டில ஆள் இல்லன்னு என்னைச் சேர்த்தாங்க, திரும்ப ஆரம்பிக்கலாமேன்னு நான் வாயைத் திறந்தேன், அப்ப நீயே பாருப்பான்னு சொல்லிட்டாங்க. போன மாசம் முதல் தடவை நடத்தினோம். ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு, யூட்யூப் பார்த்து நானே மைக்ல ஸ்டெப் சொன்னேன். 22 பேர் வந்தாங்க, பாதிப்பேர் சுவரோரம் உக்காந்தே இருந்துட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

நேர்ல வாசிக்கற மியூசிக் பேண்ட் வெச்சே ஆகணுமா, செலவு தாங்குமா? முதல்ல கிளாஸ் மாதிரி வெச்சு சொல்லிக் கொடுக்கணுமா? முன்னப் பின்னத் தெரியாதவங்க கையைப் பிடிச்சு ஆடறது என் மனைவிக்குக் கூச்சமா இருக்கு, அவளை எப்படிக் கூட்டிட்டு வர்றது? எல்லாத்துக்கும் மேல, வெளியூர்க்காரன் நான் போயி இவங்க ஆட்டத்தை இவங்களுக்கே நடத்தலாமா? பேர் போட வேண்டாம் அக்கா.

அன்புள்ள தம்பி,

22 பேரைக் கம்மின்னு நினைக்காதீங்க, நாங்க கோவிட்டுக்கு அப்புறம் திரும்ப ஆரம்பிச்சப்ப முதல் மாசம் 17 பேர், அதுல 5 பேர் கமிட்டி. எனக்கு உறுத்தினது பாதிப்பேர் சுவரோரமே உக்காந்துட்டுப் போனாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான். உங்க மத்த கேள்விக்கெல்லாம் பதில் அங்கருந்துதான் ஆரம்பிக்குது.

நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரு பிப்ரவரி மாசம் தனியா கெய்லிக்குப் போனேன். வாசல்ல டிக்கெட் வாங்கிட்டு ரேடியேட்டர் பக்கத்து நாற்காலில உக்காந்தேன், கோட்டு கழட்டல, பை மடிலயே இருந்துச்சு. குளிருக்காக இல்ல, கோட்டு மேல இருந்தா எந்த நிமிஷமும் எழுந்து போயிடலாம்ல, அந்த தைரியம். ரெண்டு ஆட்டம் முடிஞ்சுது. எதிர்ப்பக்கத்துலருந்து எழுபது தாண்டின ஒரு அம்மா நேரா நடந்து வந்தாங்க, பேர்கூட கேக்கல, என் மடிலருந்து பையை எடுத்து பக்கத்து நாற்காலில வெச்சுட்டு, என் கோட்டு பட்டனை மேலருந்து ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சாங்க, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைக்குக் கழட்டுவோமே அந்த மாதிரி. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது வான்னாங்க, அவ்வளவுதான். விரல் மூட்டெல்லாம் வீங்கின கை, ஆனா பிடி அவ்வளவு கெட்டி. அன்னைக்கு பதினோரு மணி வரைக்கும் நான் திரும்ப உக்காரவே இல்ல.

அதனாலதான் சொல்றேன், கெய்லி நடத்துறவரோட வேலை நாற்காலிப் பக்கம் இருக்கு, ஆடற இடத்துல இல்ல. யார் கோட்டு கழட்டாம இருக்காங்க, யார் புருஷன் செத்ததுக்கு அப்புறம் முதல் தடவையா வந்திருக்காங்க, யார் ரெண்டு ஆட்டமா போனையே பார்த்துட்டிருக்காங்க, இதைப் பார்க்க ஒரு ஆள் வேணும். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டெப் சொல்றவரால அதைப் பார்க்கவே முடியாது. அதனால தம்பி, மைக்கை விட்டுடுங்க. காலர்னு சொல்ற ஸ்டெப் சொல்றவரு உங்க ஊர்லயே யாராவது இருப்பாங்க, பேண்டோட சேர்ந்தே வர்றவங்களும் உண்டு. ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி கிளை பக்கத்துல இருந்தா அங்கயும் கேளுங்க. 1923ல ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் கிளாஸ்கோல ஆரம்பிச்சது அது, பழைய ஆட்டமெல்லாம் அழிஞ்சு போயிடக் கூடாதுன்னு. அவங்க ஆட்டம் வேற, மெல்லிசு ஷூ போட்டு, கால் நுனியை நீட்டி, ஒவ்வொரு அடியும் சுத்தமா வைப்பாங்க, பார்க்கவே அவ்வளவு அழகு, வருஷக்கணக்கா கத்துக்கறது. கெய்லிக்கு அது தேவையில்ல, நடக்கத் தெரிஞ்சா போதும்.

கிளாஸ் வெச்சு சொல்லிக் கொடுக்கற எண்ணத்தையும் விட்டுடுங்க. கிளாஸ்னா தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு ரெண்டு கூட்டமாயிடும், தெரியாதவங்க ஹால் பக்கமே வரமாட்டாங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி பாட்டு இல்லாம ஒரு தடவை எல்லாரையும் நடத்திக் காட்டறது போதும், வாக் த்ரூன்னு சொல்லுவாங்க, மூணு நிமிஷம் ஆகும். அந்த மூணு நிமிஷத்தைத் தெரிஞ்சவங்களுக்கு போரடிக்குதேன்னு தயவுசெஞ்சு சுருக்கிடாதீங்க.

பேண்ட் பத்தி. வெச்சே ஆகணும்னுதான் நான் சொல்லுவேன், செலவைப் பத்தித் தெரிஞ்சுதான் சொல்றேன். ரெக்கார்டுக்கு எட்டு சுத்து வாசிக்கணும்னா எட்டு சுத்துதான், மூலைல சேர்ந்து ஆடற ஒரு செட் குழம்பி நின்னா அதுக்குத் தெரியாது. அக்கார்டியன் வாசிக்கறவரு கண்ணு ஹால் மேலயே இருக்கும். கொஞ்சம் நிதானப்படுத்துவாரு, எல்லாரும் குஷியா இருந்தா இன்னொரு சுத்து விடுவாரு, முடியப் போகுதுன்னா காலருக்குத் தலையை ஆட்டுவாரு. எங்க ஃபைஃப்காரர் ஜிம்மி ஷாண்ட் (1908–2000) நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தவரு, அக்கார்டியன் வாசிச்சே சர் பட்டம் வாங்கினவரு, ஆக்டர்மக்டில சிலையே இருக்கு அவருக்கு. அவர் வாசிச்சா கால் தப்பவே தப்பாதுன்னு இங்க வயசானவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. ஜிக்ங்கற பாட்டு வகை நம்ம திஸ்ர நடை, மூணு மூணா எண்ணறது, ரீல்ங்கறது சதுஸ்ரம், நாலு நாலா, எட்டு எட்டு பாரா, பார்னா ஒரு தாள அளவு, சதுரமா வந்துட்டே இருக்கும், அது ஒழுங்கா வந்தா போதும், ஸ்டெப் மறந்தவங்க கால்கூட தானா திரும்பிடும். நாலு பேர் பேண்டெல்லாம் ஆரம்பத்துல வேண்டாம். ஒரு அக்கார்டியன், ஒரு டிரம்ஸ், இல்லன்னா ஒரு ஃபிடில். அக்கார்டியன் அண்ட் ஃபிடில் கிளப்புங்க ஸ்காட்லாந்து முழுக்க இருக்கு, அங்க போயி ஒரு சாயங்காலம் உக்காருங்க, ஆள் கிடைக்கும். நாங்க டிக்கெட் 8 பவுண்ட், பிள்ளைங்களுக்கு இலவசம், ரேஃபிள்ல, அதான் குலுக்கல் சீட்டுல, வர்றது ஹால் வாடகைக்கு. முதல் ஆறு மாசம் கைக்காசு போகத்தான் செய்யும், அதைக் கமிட்டில முன்னாடியே சொல்லி ஒத்துக்க வெச்சுடுங்க, ரெண்டாவது மாசமே கணக்கு கேட்டு நிறுத்திட்டா எதுவும் வேர் பிடிக்காது.

தேதியை மட்டும் மாத்தாதீங்க. மாசத்துல ரெண்டாவது சனின்னா ரெண்டாவது சனிதான், பனி பெஞ்சு பத்து பேர் வந்தாலும் நடத்துங்க. மூணு தடவை தேதி மாறினா ஜனம் போஸ்டரைப் பார்க்கறதையே விட்டுடும்.

இப்ப உங்க வீட்டுக்காரம்மா விஷயம். அவங்க கூச்சத்தைத் தப்புன்னு சொல்லவே மாட்டேன், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நம்ம வளர்ப்பு அப்படி. கெய்லில ஆம்பளையோடதான் ஆடணும்னு ஒண்ணும் கிடையாது, பொம்பளைங்களும் பொம்பளைங்களும் ஜோடி சேர்ந்து ஆடறது எல்லா ஊர்லயும் சகஜம், நிறைய ஹால்ல ஆம்பளைங்க குறைச்சல்தான். அதோட ஒரு ஆட்டம் உங்க குடும்பத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, டேஷிங் ஒயிட் சார்ஜன்ட். அதுல ஜோடியே கிடையாது, மூணு மூணு பேர். நீங்க, அவங்க, நடுவுல பையன். எதிர்ல இன்னொரு மூணு பேர், இப்படியே ஹாலைச் சுத்தி வட்டமா நிக்கணும். ஆறு பேரும் கைகோத்து எட்டு எண்ணிக்கை இடப்பக்கம், எட்டு எண்ணிக்கை வலப்பக்கம். நடுவுல இருக்கற ஆள் வலப்பக்கத்து ஆளோட ஒரு சுத்து, இடப்பக்கத்து ஆளோட ஒரு சுத்து, அப்புறம் மூணு பேரும் 8 போட்ட மாதிரி வளைஞ்சு வருவாங்க. கடைசில ரெண்டு வரிசையும் நேருக்கு நேர் வந்து காலைத் தட்டி, பின்னால போயி கையைத் தட்டி, ஒரு வரிசை கையைத் தூக்க இன்னொரு வரிசை அடில நுழைஞ்சு போயிடும், அங்க புதுசா ஒரு மூணு பேர் காத்திட்டிருப்பாங்க. பத்து நிமிஷத்துல பாதி ஹாலோட முகம் பழகிடும், அதுவும் புருஷன் பிள்ளை கையை விடாமலேயே. நம்ம ஊர் கும்மி கோலாட்டத்துல கூச்சப்பட்டவங்க எப்படி வட்டத்துக்குள்ள வந்து கரைஞ்சு போவாங்களோ அதே கதைதான். பையனுக்கு அனேகமா இந்த ஆட்டம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், இங்க ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் நெருங்கறப்ப விளையாட்டு பீரியட்ல சொல்லிக் கொடுப்பாங்க, கேட்டுப் பாருங்க. செயின்ட் பெர்னார்ட்ஸ் வால்ட்ஸ் மாதிரி அணைச்சுப் பிடிச்சு ஆடறது வந்தா அவங்க உக்காந்துக்கட்டும், அதுல ஒரு தப்பும் இல்ல. உக்கார்றதுக்கும் உக்கார விட்டுடறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

முதல் ஆட்டமா கே கார்டன்ஸ் வெச்சுடுங்க, பேரைக் கேட்டதுமே உள்ளூர் ஜனம் எழுந்துடும். அது உங்க ஊர்ப்பக்கத்துப் பேர்தான், 1794ல கார்டன் டியூக் சேர்த்த பட்டாளம் கார்டன் ஹைலாண்டர்ஸ், அவங்களுக்கு வழங்கின பட்டப்பேர் அது, ஹன்ட்லி கோட்டைதான் அந்தக் குடும்பத்தோட பழைய இருப்பிடம். நாலு அடி முன்னால, திரும்பி அதே திசைல பின்னடியா நாலு, அதையே எதிர்ப்பக்கம், அப்புறம் கைக்கு அடில ஒரு சுத்து, கடைசில ரெண்டு பேரும் சேர்ந்து போல்கா, அதான் துள்ளிக்கிட்டே சுத்தறது. 16 பார்ல முடிஞ்சு திரும்ப முதல்லருந்து. எய்ட்சம் ரீலை மட்டும் ஒரு வருஷத்துக்குத் தள்ளி வைங்க, ரொம்ப நீளம், புதுசா வந்தவங்க மிரண்டுடுவாங்க.

ஸ்ட்ரிப் த வில்லோ பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா அதுல எங்களுக்கு ஒரு அடி பட்டிருக்கு. ஆர்க்னி தீவுங்கள்ல ஆடற வகைல ஹாலோட நீளத்துக்கும் ரெண்டு வரிசை நிக்கும், மேல் ஜோடி 16 எண்ணிக்கை சுத்திட்டு, வரிசைல ஒரு ஆள், ஜோடி ஆள், வரிசைல அடுத்த ஆள்னு மாறி மாறி சுத்திக்கிட்டே கீழ இறங்கணும், பின்னாலேயே அடுத்த ஜோடி. மூணாவது ஆட்டமாவே அதை வெச்சுட்டோம் ஒரு தடவை, பிடி எப்படின்னு சொல்லாமலேயே. ஒரு பையன் வேகத்துல சுழட்டி விட்டுட்டான், அந்தப் பொண்ணு நேரா ரேடியேட்டர்ல போயி மோதி மணிக்கட்டு சுளுக்கி ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினோம். பொறுப்புல இருந்தவ நான், சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. இப்ப முதல்ல எங்க காலர் பிடியைக் காட்டுவாரு, கட்டை விரலால அழுத்தக் கூடாது, வயசானவங்க வந்தா வேகத்தைக் குறைக்கணும், ரேடியேட்டர் பக்கம் வரிசை நிக்கக் கூடாது. ரெண்டாவது பாதிலதான் வைக்கறோம். தரையையும் பாருங்க, மரத்தரைன்னா சரி, கான்கிரீட் மேல வினைல்னா முட்டி போயிடும், யாராவது சிந்தின தண்ணியை உடனே துடைக்க ஒரு மாப்பு கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டும்.

லைசன்ஸ் விஷயம் சுருக்கமா. டிக்கெட் போட்டு நடத்தினா பப்ளிக் என்டர்டெயின்மென்ட் லைசன்ஸ் வேணுமான்னு கவுன்சிலைக் கேளுங்க, கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். மது விக்கறதா இருந்தா அதுக்கு ஆக்கேஷனல் லைசன்ஸ் தனியா எடுக்கணும். ஹால்ல மியூசிக் லைசன்ஸும் இன்சூரன்ஸும் இருக்கான்னு செக்ரட்டரிகிட்ட பேப்பரைப் பார்த்துக்கோங்க, வாய்வார்த்தை போதாது.

வெளியூர்க்காரன் நடத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. கெய்லிங்கறது கேலிக் மொழி வார்த்தை, ஒருத்தர் வீட்டுக்குப் போயி உக்காந்து பேசறதுக்குத்தான் முதல்ல அந்தப் பேர், கணப்புப் பக்கத்துல கதை, பாட்டு, சேதி, அப்பப்ப ஆட்டம். வர்றவங்க இல்லாம கெய்லியே கிடையாது. ஆடற ஆட்டத்தையும் பாருங்க, போல்கா பொஹீமியாலருந்து வந்தது, வால்ட்ஸ் ஆஸ்திரியா ஜெர்மனிப் பக்கம், அக்கார்டியனுக்கு 1829ல வியன்னால பேட்டன்ட் வாங்கியிருக்காங்க, வர்ஜீனியா ரீல்னும் கனடியன் பார்ன் டான்ஸ்னும் பேர் வெச்சே ஆடறாங்க. அந்தக் காலத்துல டான்ஸ் வாத்தியாருங்க ஃபிடிலைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போயி சொல்லிக் கொடுப்பாங்க. உங்க பக்கத்து பாங்கரில பிறந்த ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) ஃபிடில்ல ராஜா, அவரும் டான்ஸ் வாத்தியாரா இருந்தவருதான். வெளியூர்லருந்து ஒருத்தர் வந்து ஹாலைத் திறக்கறது அந்த ஊருக்குப் புதுசில்ல தம்பி. கமிட்டில ஆளுங்க இருந்தும் கோவிட்டுக்கு அப்புறம் ஒருத்தரும் கேக்காததை நீங்க கேட்டிருக்கீங்க.

இன்னும் ஒண்ணு பண்ணுங்க. முன்ன மாசாமாசம் வந்தவங்க யார் யாருன்னு கமிட்டில கேட்டு, ஒரு நாலு பேர் வீட்டுக்காவது நேர்ல போங்க, கதவைத் திறந்ததும் அவங்க ஊர் வழக்கப்படி "ஃபிட் லைக்"னு கேளுங்க, எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆட வாங்கன்னு கூப்பிடாதீங்க. புதுசா வர்றவங்களைக் கவனிச்சுக்க எனக்கு ஒரு ஆள் வேணும், வர்றீங்களான்னு கேளுங்க. என் கோட்டைக் கழட்டின அம்மாவை எங்க கமிட்டி அப்படித்தான் கூப்பிட்டு வெச்சிருந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

இடைவேளைக்கு ஸ்டோவீஸ் போடுங்க, உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாட்டுக்கொழுப்புல வெந்தது, ஓட்கேக்கும் பீட்ரூட் ஊறுகாயும் கூட. கறியும் மாட்டுக்கொழுப்பும் சேர்க்காம ஒரு சின்னச் சட்டி தனியா, கரண்டியும் தனியா. மார்ச் மாசக் கெய்லிக்கு நானும் வீட்டுக்காரரும் வர்றோம், அபர்டீன் வந்து இன்வெர்னஸ் ரயில் பிடிச்சா ஹன்ட்லில இறங்கிடலாம், ஸ்டேஷனுக்கு மட்டும் யாரையாவது அனுப்புங்க. வர்றதுக்குள்ள கோட்டு ஸ்டாண்ட் எங்க இருக்குன்னு பாருங்க. வாசலோரமா இருந்தா தூக்கி ஹாலோட உள்கோடில வெச்சுடுங்க.

அன்புடன்,
அக்கா