தெருச் சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள்: தடுக்க முடியுமா?

கேள்வி: சென்னை ஜார்ஜ் டவுனில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டை ஒட்டி, நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகர் யாத்ரீகர்களுக்காகக் கட்டிவைத்த சத்திரம் இருக்கிறது. வாசலில் அதைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. இப்போதைய அறங்காவலர்கள் ஒரு பில்டரோடு ஒப்பந்தம் போட்டு, சத்திரத்தை இடித்துத் தரைத்தளமும் 5 மாடியுமாக வணிக வளாகம் கட்ட முனைகிறார்கள். கட்டடம் ஆபத்தானது என்று ஒரு பொறியாளர் சான்று கொடுத்திருக்கிறார். கதவுகளும் சில தேக்கு உத்தரங்களும் ஏற்கெனவே வெளியே போய்விட்டன. தெருவில் பாதிப் பேர் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் எதிர்க்கிறோம். சத்திரத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுச் சுவர். என்ன செய்யலாம்?

பதில்: உத்தரங்கள் போகத் தொடங்கிவிட்டன என்பதால் உங்களுக்கு அவகாசம் குறைவு. இப்படிப்பட்ட பழைய சென்னைக் கட்டடங்களின் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் உத்தரம்தான் எல்லாம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்பில் நிறுத்திவைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். நான்கைந்து உத்தரங்களை உருவினால் அந்தப் பகுதிக் கூரை இறங்கிவிடும். ஒரு மழைக்குப் பிறகு, பொறியாளர் சான்றில் எழுதிய ஆபத்து உண்மையாகவே வந்துவிடும். அதற்கப்புறம் நீதிமன்றத்துக்குப் போனாலும் காப்பாற்ற அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆகவே, முதல் வேலை பொதுச் சுவர். சத்திரம் பாரம்பரியக் கட்டடமா, இல்லையா என்ற வழக்கு எப்படிப் போனாலும், இந்த உரிமை உங்களுடையது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, பக்கத்துக் கட்டடம் தரும் தாங்குதலை 20 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்திருந்தால் அது உரிமையாகிவிடும். வெளிச்சம், காற்றுக்கும் இதே 20 ஆண்டுக் கணக்குதான். ஒன்றை மறக்கக் கூடாது: அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். சுவர் போன பிறகு சமாதானம் பேசிக்கொண்டே 2 ஆண்டுகளைக் கடத்தியவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். வெளிச்சம் குறைகிறது என்பதை மட்டும் வைத்துக் கட்டுமானத்தை நிறுத்துவது கடினம். வசதியாக வாழ முடியாத அளவுக்குக் குறைகிறது என்று காட்ட வேண்டும். தாங்குதல் அதைவிட வலுவான வாதம்.

இந்த வாரமே, உங்கள் பக்கச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு விரிசலையும் அளவுகோலை ஒட்டிப் பிடித்துப் படம் எடுங்கள். அகலத்தை மில்லிமீட்டரில் எழுதிவைத்து, விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுங்கள். பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்டு வழக்குப் போடும்போது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 9ன் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் மனு கொடுங்கள். அவர் ஒரு பொறியாளரோடு வந்து இரு பக்கத்தையும் பார்த்துக் கொடுக்கும் அறிக்கை, 'இந்த விரிசல் பழசு' என்ற வாதத்தை அடைத்துவிடும். தடை கிடைக்காவிட்டாலும் நிபந்தனைகள் கேளுங்கள்: பொதுச் சுவரை ஒட்டி இயந்திரம் வைத்து உடைக்காமல் கையாலேயே பிரிக்க வேண்டும், உத்தரம் நுழைந்திருந்த துளைகளைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும், இதுவரை மழை படாத உட்புற முகம் வெளியே தெரியப்போவதால் அதற்குப் பூச்சு வேண்டும். உங்கள் பழைய அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் முட்டுக் கொடுத்து, சிறு சிறு நீளமாகத்தான் தோண்ட வேண்டும். ஒரேயடியாக நீளப் பள்ளம் வெட்டினால், அடியிலிருக்கும் மண் பக்கவாட்டில் நழுவிச் சுவர் இறங்கும்.

இனி கையெழுத்து விஷயம். ஆதரவுக் கையெழுத்துக்கும் எதிர்ப்புக் கையெழுத்துக்கும் திட்ட அனுமதியில் சட்டப்படி எடை கிடையாது. தெருவில் வாக்கெடுப்பு நடத்தி அனுமதி கொடுக்கும் முறை நம் சட்டத்தில் இல்லை. நில உபயோகத்தை மாற்றும்போது மட்டும் பத்திரிகை அறிவிப்பு வெளியிட்டு, 21 நாள் அவகாசத்தில் ஆட்சேபம் கேட்பார்கள். சத்திர மனை எந்த உபயோக மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாற்றம் தேவைப்பட்டால் அந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள். மற்றபடி, 200 பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, எந்த விதி மீறப்படுகிறது என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதமே அதிகாரியைப் பதில் சொல்லவைக்கும்.

கட்டடத்துக்கு எந்தப் பாதுகாப்பு பொருந்தும்? பழையது என்பதாலேயே ஒரு கட்டடம் சட்டப் பாதுகாப்புக்குள் வந்துவிடாது. இதைத் தெரியாமல்தான் பல நல்ல வழக்குகள் விழுந்தன. மூன்று இடங்களில் தேட வேண்டும். முதலாவது, சென்னை உயர் நீதிமன்றம் விளம்பரப் பலகை வழக்கில் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். அதில் 460க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. பட்டியலில் உள்ளதைத் தொட வேண்டுமானால், சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவைக் கடந்துதான் போக வேண்டும். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010ல் இடிப்புக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆனால் தடை வாங்கிய பிறகும் அந்தக் கட்டடம் பழுதுபார்க்கப்படவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியல். இது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: சத்திரம் எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் இருக்கலாம். மத்தியத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. தடைப் பகுதியில் புதுக் கட்டடமே கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜார்ஜ் டவுனில் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உள்ள டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் கல்லறையும் பழைய நகரச் சுவரும் இப்படிப்பட்ட சின்னங்கள். தூரத்தைச் சின்னத்தின் நடுவிலிருந்து அளக்காமல், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்க வேண்டும்.

எதிலும் இல்லை என்றால்? அப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தக் கல்வெட்டுதான். பொது அறத்துக்கு எழுதிவைத்த சொத்தை அறங்காவலர்கள் தங்கள் வீடு போல நடத்த முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் அறக்கட்டளைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். பத்திரம் மிகப் பழையது என்றால் இணையத்தில் கிடைக்காது. நேரில் தேடுதல் மனு போட வேண்டும். சத்திரம் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வரும் சமய நிறுவனச் சொத்தாக இருந்தால், 1959ஆம் ஆண்டுச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை, பரிமாற்றம், அடமானம், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் செல்லாது. பில்டருடன் போட்ட ஒப்பந்தம் பெயரளவில் என்னவாக இருந்தாலும், பிரிக்கப்படாத நிலப் பங்கு கைமாறுகிறதா என்று படித்துப் பாருங்கள். அறநிலையத் துறைக்கு வெளியே உள்ள பொது அறக்கட்டளை என்றால், 1920ஆம் ஆண்டு அறக்கட்டளைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவில் கணக்கும் விவரமும் கேட்கலாம். அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழக்கும் தொடரலாம். அக்கம்பக்கத்தில் குடியிருப்பது மட்டும் 'அக்கறை' ஆகாது. சத்திரத்தின் பயனாளிகள், நன்கொடையாளரின் வாரிசுகள் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர் சான்றைக் கேள்வி கேளுங்கள். ரீபவுண்ட் சுத்தியல், அல்ட்ராசோனிக் சோதனை எல்லாம் கான்கிரீட்டுக்கானவை. சுண்ணாம்புச் செங்கல் சுவரில் அந்த எண்களை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இவ்வகைக் கட்டடத்தில் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்த உத்தர முனை. ஒழுகும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கூரை கெட்டிருக்கிறது என்பதும் சுவர் விழப்போகிறது என்பதும் ஒன்றல்ல. ஐஐடியோ அண்ணா பல்கலைக்கழகமோ ஆய்வு செய்ய உத்தரவிடும்படி கேளுங்கள். உருவிய உத்தரங்களின் தேதியையும் படங்களையும் அதோடு இணையுங்கள்.

எந்த விதி மீறப்படுகிறது என்று சொல்லும் கடிதத்தை மாநகராட்சிக்கும் சிஎம்டிஏவுக்கும் ஒரே நாளில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். இடிப்புக்கு அனுமதி இருக்கிறதா, இல்லையென்றால் நகர் ஊரமைப்புச் சட்டம் 57ஆம் பிரிவில் நிறுத்தாணை போடுங்கள் என்று கேளுங்கள். தெருவின் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்து சேருங்கள். வரைபடத்தில் காட்டும் அகலம் தரையில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. உயரம் 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். கூடவே தகவல் உரிமை மனு போட்டுக் கோப்புக் குறிப்புகளையும் வரைபடத்தையும் கேளுங்கள். ஆனால் அந்த 30 நாள் பதிலுக்காக நீதிமன்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முத்திரையிட்ட கடிதம் கையில் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் நீதிப்பேராணை மனு நிற்கும். 'அதிகாரியிடம் கேட்டீர்களா' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எதிர்த் தரப்பு கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது 90 நாள் செல்லும்.

ஆதரித்துக் கையெழுத்துப் போட்டவர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கிங் இல்லை, இடிந்து விழுமோ என்ற பயம், பூட்டிக்கிடக்கும் இடத்தில் குப்பை என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்பக்கத் திண்ணையும் முற்றமும் கூரையும் அப்படியே நின்று, பின்கட்டில் மட்டும் புதுக் கட்டுமானம் என்ற மாற்று வரைபடத்தை, பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த ஒரு கட்டடக் கலைஞரிடம் போடச் சொல்லுங்கள். அறக்கட்டளைக்கு எவ்வளவு வாடகை வரும் என்ற கணக்கும் அதில் இருக்க வேண்டும். அறங்காவலர்களிடம் எழுத்தில் கொடுத்து, அதன் நகலை நீதிமன்ற மனுவிலும் இணையுங்கள். இடைக்கால உத்தரவின்போது நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினால், அங்கே மேசையில் வைக்க உங்களிடம் ஒரு திட்டம் இருக்கும்.