நாலாயிரம் படங்களும் ஒரு சலிப்பும்

கேள்வி: எட்டு மாதமாக மொபைலில் ஆசையாகப் படம் எடுத்து வருகிறேன். வாசல் கோலம், கோயில் கோபுரம், நான்கு வயது மகன், இவைதான் என் படங்கள். கேலரியில் நாலாயிரம் படம் இருக்கிறது, பத்துகூடத் தேறவில்லை. மகன் எப்போதும் கலங்கித் தெரிகிறான். கோபுரத்தின் முன் நிற்பவர் முகம் கறுத்துப் போகிறது. இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் படங்களைப் பார்த்த பிறகு போனைக் கையில் எடுக்கவே தோன்றவில்லை. விலை கூடிய போன் வாங்கினால் ஆர்வம் திரும்புமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: போனை மாற்ற வேண்டாம். மகன் கலங்குவதையும் முகம் கறுப்பதையும் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று தெரியாததால், ஒவ்வொரு படமும் அதிர்ஷ்டத்தை நம்பி எடுக்கிற படமாகிவிட்டது. எட்டு மாதம் அப்படி எடுத்தால் யாருக்கும் சலித்துத்தான் போகும். காரணம் பிடிபட்டுவிட்டால், நாளைக்கு எதை மாற்றிப் பார்க்கலாம் என்ற துடிப்பு வந்துவிடும்.

முதலில் மகன். டியூப்லைட் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. அதனால் அது ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, 1/30 நொடி அளவுக்குத் திறந்து வைக்கிறது. ஓடுகிற பிள்ளை அதற்குள் நகர்ந்துவிடுகிறான். அவனைத் தெளிவாகப் பிடிக்க 1/250 வேண்டும். துள்ளிக் குதித்தால் 1/500. எளிய வழி, பகலில் அவன் விளையாட்டுச் சாமான்களை ஜன்னலுக்கு மூன்றடிக்குள், அல்லது திண்ணைக்கு மாற்றிவிடுவது. வெளிச்சம் கூடினால் ஆட்டோ மோடிலேயே ஷட்டர் வேகம் கூடிவிடும். நைட் மோட் இதற்கு உதவாது. அது பல படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பது. அசையாத பொருளுக்குத்தான் சரி.

ஷட்டர் வேகத்தை நாமே அமைக்க விடும் ப்ரோ மோடில் நீங்களே 1/250 வைக்கலாம், ஆனால் ராத்திரியில் டியூப்லைட்டின் கீழே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் சில மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/100-ஐவிட வேகமாக எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். ராத்திரியில் அவன் கதை கேட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தை எடுங்கள். அந்த முகம் ஓடுகிற முகத்தைவிட அழகாகவே இருக்கும்.

கோபுரத்துக்கு வருவோம். பின்னால் வானம் பளீரென்று இருப்பதால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடுகிறது, முகம் கறுக்கிறது. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, பூட்டுக் குறி தோன்றும்வரை அழுத்திப் பிடியுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மெல்ல மேலே நகர்த்தினால் முகம் தெளியும், வானம் கொஞ்சம் வெளுக்கும். இரண்டும் வேண்டுமென்றால் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். கிழக்கு பார்த்த ராஜகோபுரமானால் காலை ஏழு மணிக்குச் சன்னதித் தெருவில் நில்லுங்கள். வெயில் கோபுரத்தின்மேலும் ஆளின் முகத்திலும் சேர்ந்து விழும். மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும். ஆளைக் கோபுரத்தின் அடியில் நிறுத்தினால் எறும்பாகிவிடுவார். உங்களிடமிருந்து ஆறேழு அடியில் நிறுத்துங்கள்.

கோபுரச் சிலைகளை விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்கிறீர்களா? தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லாத போனில் அது வெறும் வெட்டுதான். 12 மெகாபிக்சல் படத்தை மூன்று மடங்கு இழுத்தால் நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்; சுமார் 1.3 மெகாபிக்சல். பெரிய போன் தேவை என்று தோன்றவைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. லென்ஸில் படியும் விரல் எண்ணெய்க்கும்தான்: விளக்குகளைச் சுற்றிப் புகைபோலப் படர்ந்தால் அதுவே காரணம். கண்ணாடி துடைக்கும் துணியால் தினமும் ஒரு முறை துடையுங்கள்.

பழகுவதற்குக் கோலத்தைப்போல நல்ல பாடம் கிடையாது. அசையாது, தினமும் புதிது, வாசலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஒரு மாதம் கோலம் மட்டும் எடுங்கள். மார்கழி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாணம் தெளித்த தரை கருமையாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கோடுகள் வெறும் வெள்ளையாகிப் பொடி தெரியாமல் போகும். இங்கே சூரியக் குறியைக் கீழே இறக்க வேண்டும். ஆறரை, ஏழு மணிக்குப் பக்கவாட்டில் வரும் சாய்வெயிலில் குனிந்து எடுத்தால் பொடியின் ஒவ்வொரு மணியும் நிழலோடு எழுந்து நிற்கும். முழுக் கோலமும் வேண்டுமென்றால் முக்காலியில் ஏறி நேர் மேலிருந்து எடுங்கள். கட்டக் கோடுகளை அமைப்புகளில் இயக்கிவிட்டால் சாய்வு தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம், அதற்குமேல் வேண்டாம். அளவில்லாமல் எடுத்ததால்தான் நாலாயிரம் சேர்ந்து, திரும்பிப் பார்க்கவே மலைப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, வாரத்தின் 84 படங்களில் ஐந்தைத் தனி ஆல்பத்தில் போடுங்கள். தோற்ற படங்களில் இரண்டை எடுத்து, 'வெயில் பின்னால்', 'கை ஆடியது' என்று நோட்டில் ஒரு வரி காரணம் எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தக் குறை ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதும். மனமே இல்லாத நாளில் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். விட்டுப்போன நாளை மறுநாள் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்தக் கடன் ஏறி ஏறித்தான் பலர் கைவிடுகிறார்கள்.

அந்த ஒரு மாதமும் எதையும் இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம். அங்கே நீங்கள் பார்ப்பது அவர்கள் பொறுக்கித் திருத்திய ஒன்றை. அதன் எதிரே நீங்கள் வைப்பது உங்கள் கேலரி முழுவதையும். மூன்றாவது வாரத்தில் படங்கள் முன்னைவிட மோசமாகத் தோன்றலாம். உங்கள் கண் தேர்ந்துவிட்டது, கை இன்னும் பின்னால் வருகிறது, அவ்வளவுதான். அப்போது முதல் வார ஆல்பத்தைத் திறந்து பாருங்கள்.

மாதக் கடைசியில் ஆறு படங்களை ஸ்டூடியோவில் 4x6 அளவில் பிரிண்ட் போட்டு, வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கி, அத்தனை பாடுபட்டுப் பிடித்த கோலப்பொடி மறுபடியும் வெறும் வெள்ளைக் கோடாகிவிடும்.