கடித்தது மீனா, கல்லா? ரப்பர் புழுத் தூண்டில்: கேள்வி பதில்

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் ரப்பர் புழு கட்டித் தூண்டில் போடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலான கேள்விகள், மீன் கடித்ததை எப்படி அறிவது என்ற ஒன்றையே சுற்றி வந்ததால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஈசூன் வாசகர்: லோவர் சிலேத்தாரில் புழுவை அடியில் மெல்ல இழுத்து வருகிறேன். கரைக்கு வந்ததும் பார்த்தால் சில நேரம் வால் பிய்ந்திருக்கிறது, சில நேரம் புழுவின் தலை முள்ளிலிருந்து கீழே சரிந்திருக்கிறது. கையில் எதுவுமே தெரியவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு. வாலை மட்டும் பிய்ப்பவை திலாப்பியா போன்ற சிறு மீன்கள். "டொக், டொக்" என்று அவை கொத்துவது பெரும்பாலும் கையிலேயே தெரியும், அதற்காகச் சுண்ட (கோலை வெடுக்கென இழுக்க) வேண்டியதில்லை. தலை சரிந்திருந்தால் ஒரு நல்ல மீன் புழுவை முழுதாக வாயில் எடுத்துப் பார்த்துவிட்டுத் துப்பியிருக்க வாய்ப்பு அதிகம். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

பாஸ் வகை மீன் புழுவைப் பல்லால் கடித்து இழுப்பதில்லை. வாயைத் திடீரென விரித்து, முன்னால் இருக்கும் நீரை உறிஞ்சுகிறது. நீரோடு புழுவும் உள்ளே போகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும், துப்புவதற்கும் அதைவிட அதிக நேரம் ஆகாது. நரம்பு (தூண்டில் இழை) விறைப்பாக இருந்தால் புழுவால் தாராளமாக உள்ளே போக முடியாது, மீனும் உடனே விட்டுவிடும். நரம்பு முழுக்கத் தொய்ந்திருந்தாலோ புழு உள்ளே போனதும் வெளியே வந்ததும் உங்களுக்கு எட்டவே எட்டாது. ஆகவே கோல்நுனிக்கும் நீருக்கும் இடையில் நரம்பு லேசாக வளைந்து தொங்கும் அளவுக்கு மட்டும் தளர்வு கொடுங்கள்.

அந்த வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நரம்பு நீருக்குள் நுழையும் இடத்தில் கண்ணை வையுங்கள். வளைவு ஒருமுறை துள்ளி அடங்கலாம். நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரலாம். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு பாதியில் நின்றுபோகலாம். வீசிய இடத்தில் புழு தரை தொட எட்டு எண்ண வேண்டியிருக்கும்போது ஐந்திலேயே நரம்பு தளர்ந்தால், நடுநீரில் எதுவோ அதை வாங்கிக்கொண்டது என்று பொருள். பிடோக் நீர்த்தேக்கம் முன்பு மணல் தோண்டிய குழி. புழு அங்கே நெடுநேரம் இறங்கும் இடங்கள் உண்டு என்பதால் இந்த எண்ணிக்கைப் பழக்கம் மிகவும் உதவும்.

தெம்பனிஸ் வாசகி: கல், செடி, மீன் மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: மீன் இல்லாதபோது புழு எப்படி இருக்கும் என்பதை முதலில் கை படித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாலை முழுவதும் மீனை மறந்துவிட்டு, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வீசி, தரையை மட்டும் படியுங்கள். புழுவோடு கட்டிய ஈயக் குண்டு சரளைக்கல்லில் படும்போது கூர்மையாகத் தட்டும், நீங்கள் இழுத்தால்தான் தட்டும், நிறுத்தினால் அதுவும் நிற்கும். செடியில் மாட்டினால் இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே வந்து, பின்பு மெல்ல விடும். மீனோ நீங்கள் அசையாமல் இருக்கும்போதும் ஏதாவது செய்யும். சில நேரம் அது செய்வதெல்லாம் புழுவின் வழக்கமான கனத்தைக் காணாமல் போகச் செய்வது மட்டும்தான்: மீன் புழுவை எடுத்துக்கொண்டு உங்களை நோக்கி வருகிறது. புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கடியைத்தான்.

ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் குண்டு போட்டால் தரை தெளிவாகத் தெரியும். நீரின் அடர்த்தி 1 என்றால் ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3, அதனால் அதே எடையில் குண்டு சிறியதாகவும், கடினமாகவும் இருக்கும். சந்தேகம் வந்தால் சுண்டிப் பாருங்கள், நட்டமில்லை. ஆனால் மீண்டும் வீசுமுன் திரும்பிப் பாருங்கள். நம் நீர்த்தேக்கக் கரைகளில் முதுகுக்குப் பின்னாலேயே மெதுவோட்டப் பாதை இருக்கிறது.

செங்காங் வாசகர்: மெல்லிய கடியை உணர எந்தத் தூண்டில் கோல் வாங்கலாம்?

பதில்: நுனி மட்டும் வளையும், நடுப்பகுதி விறைப்பான, மிதமான வலுவுள்ள கார்பன் கோல் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல நரம்பு வாங்குங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: எந்த நரம்பு நல்லது, பின்னிய இழையான பிரெய்டா, ஒற்றை இழையான ஃபுளோரோகார்பனா?

பதில்: பிரெய்டு நீளாது, அதனால் தட்டல் உடனே கைக்கு வரும், ஆனால் அதன் அடர்த்தி 0.97 என்பதால் மிதக்கும், காற்றடித்தால் நீர்மேல் வில்லாக வளைந்துகொள்ளும். ஃபுளோரோகார்பனின் அடர்த்தி 1.78, மூழ்கி, புழு வரை ஓரளவு நேராக நிற்கும். நைலான் நரம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் 1.14 என்றாலும், நன்றாக நீளக்கூடியது, இந்த வேலைக்கு ஒத்துவராது. நான் மஞ்சள் நிற பிரெய்டைச் சுற்றி, முனையில் ஒரு கோலளவு ஃபுளோரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் துண்டு நரம்பு) கட்டுகிறேன். மஞ்சள் மீனுக்காக அல்ல, என் கண்ணுக்காக.

ஜூரோங் வாசகர்: நீங்கள் சொல்வதெல்லாம் அமெரிக்க பாஸுக்குத்தானே? நம் பீக்காக் பாஸ் கோலையே பிடுங்குவதுபோல் அடிக்கிறது.

பதில்: பாதி சரி. 1949-ல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் பிளாஸ்டிக் புழு வார்த்தது லார்ஜ்மவுத் பாஸை மனத்தில் வைத்துத்தான். பீக்காக் பாஸ் அதற்கு உறவே இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த, திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்த மீன். வேகமாக ஓடும் இரையை அது வெறியோடு அடிக்கும். ஆனால் தரையில் கிடக்கும் புழுவை, குறிப்பாகக் குஞ்சுகளைக் காவல் காக்கும்போது, உதட்டால் தூக்கிச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நரம்பு சிறிது தூரம் பக்கவாட்டில் போய் நின்றால் பெரும்பாலும் அதுதான். இரைக்காக எடுத்த மீனல்ல, விட்டுவிடுங்கள்.

பிடோக் மூத்த வாசகர்: தோமானுக்கு (பெரிய விரால் வகை மீன்) ரப்பர் தவளை போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த பாடம் இது: மீன் எடுத்ததும் ஐந்து வரை எண்ண வேண்டும், பிறகுதான் சுண்ட வேண்டும். நீங்கள் அவசரப்படச் சொல்கிறீர்கள்.

பதில்: தவளைக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, ஐயா. அது நீர்மேல் மிதப்பது. மீன் அதைக் கவ்விக் கீழே கொண்டுபோகும் வரை பொறுக்காவிட்டால் வாயிலிருந்து பிடுங்கிவிடுவோம். புழு ஏற்கெனவே நீருக்குள், மீனின் வாய்க்குள் இருக்கிறது. உப்புச் சேர்த்து வார்த்த புழுவை மீன் சற்றுக் கூடுதல் நேரம் வாயில் வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எப்போது துப்பும் என்று எண்ணி முடிவுசெய்ய முடியாது. ஐந்து எண்ணுவதில் இன்னொரு கேடும் உண்டு: துப்பாத மீன் விழுங்கிவிடும், முள் தொண்டையில் போய் மாட்டும், திரும்ப விட்டாலும் அந்த மீன் பிழைப்பது கடினம். கோலைத் தாழ்த்தி, தளர்வை ரீலில் சுற்றி எடுத்து, கனம் தெரிந்ததும் வெடுக்கென இழுங்கள். அதற்கு ஆகும் நேரமே போதுமான காத்திருப்பு.

அங் மோ கியோ வாசகர்: நான் சுண்டுவதே இல்லை. ரீலைச் சுற்றினாலே மீன் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் இருவரும் வீண் சண்டை போடுகிறீர்கள்.

பதில்: நீங்கள் புழுவை நடுவில் குத்தி இருபுறமும் தொங்கவிடும் வாக்கி ரிக் கட்டுபவர் என்று நினைக்கிறேன். அதில் மெல்லிய கம்பி முள், முனையும் வெளியே. இறுக்கினாலே ஏறிவிடும், சுண்டினால்தான் கெடும். டெக்சாஸ் ரிக் என்ற மற்றொரு கட்டில் முள்முனை புழுவுக்குள் புதைந்திருக்கிறது. முதலில் பிளாஸ்டிக்கைத் துளைத்து, பிறகு மீனின் வாயைத் துளைக்க வேண்டும். சுற்றினால் மட்டும் நடக்காது.

பொங்கோல் வாசகர்: எந்தக் கோல் நல்லது?

பதில்: செங்காங் நண்பருக்குச் சொன்னதேதான்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: உயிர்ப்புழு போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: நம் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி, அதுவும் தூண்டில் போட ஒதுக்கிய கரைகளில் மட்டும். அங்குள்ள பலகையைப் படியுங்கள்.

கிளமெண்டி வாசகி: டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். அங்கே உண்மையான லார்ஜ்மவுத் பாஸைப் புழுவில் முயலலாமா?

பதில்: முயலலாம், ஆனால் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். பீவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில் பிடித்த பிளாக் பாஸை (லார்ஜ்மவுத் அதில் ஒரு வகை) திரும்ப நீரில் விடக் கூடாது. கரையில் அதற்கென்றே சேகரிப்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். உயிரோடு எடுத்துச் செல்வது 2005 முதல் நாடு முழுவதும் தடை. கவாகுச்சி ஏரியில் ரப்பர் புழுவுக்கே தடை. குளிர்ந்த நீரில் மீன் மந்தமாகிவிடும். கடி என்பது வெறும் கனமாக மட்டுமே தெரியும், தட்டலுக்குக் காத்திருக்காதீர்கள்.

பாசிர் ரிஸ் வாசகர்: பெட்டியில் இருந்த புழுக்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டன.

பதில்: ரப்பர் என்று சொன்னாலும் பெரும்பாலானவை மென்மையாக்கிய பி.வி.சி. வேறு வகைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வைத்தால் உருகும். வாங்கிய பையிலேயே வையுங்கள். கிழிந்ததை நீரில் எறியாதீர்கள், அது மக்காது. அறுந்த நரம்பையும் கரையில் விடாதீர்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்கிறது.

ஹவ்காங் வாசகர்: 500 வெள்ளிக் கோலில் கடி நன்றாகத் தெரியுமா?

பதில்: நரம்பைப் பார்க்காதவருக்குத் தெரியாது. கோல் பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை. வீசுமுன் பின்னால் பாருங்கள்.

பிடோக் மூத்த வாசகர்: ஐந்து எண்ணியே நான் நிறைய மீன் எடுத்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: எடுத்திருப்பீர்கள், ஐயா, மறுக்கவில்லை. அந்த மீன்களில் எத்தனை உதட்டில் மாட்டின, எத்தனை தொண்டையில் மாட்டின என்று எழுதுங்கள். முள்முனையைப் புழுவுக்குள் புதைத்துக் கட்டினீர்களா, வெளியே விட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.